செல்வம்மாளிடம் மெர்சி சொல்லக் கூடாது

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரே ஒரு காட்சிதான். 1982 ஜூன் மாதம், காரைக்கால் பஸ் நிலையம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மாயவரம் பஸ்ஸை எதிர்பார்த்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நின்றேன். எதிரே பாண்டிச்சேரி பஸ்ஸின் படியருகே இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். பூப்போட்ட நைலக்ஸ் சேலை. அதற்கு மேலே, அந்த வெயிலில், பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு!

பெட்டியில் இடம் இல்லாமல்தான் அதைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோட்டின் வலது கை மணிக்கட்டில் அளவாக நின்றது. இடது கையோ விரல்களையெல்லாம் விழுங்கிவிட்டுத் தொங்கியது. அதில் வெள்ளையாக ஒரு கோடு. எங்கோ சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று நினைத்தேன். வழியனுப்ப வந்த அம்மாள் ஏதோ சொன்னாள். அது என் காதில் விழவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தொங்கும் கையைத் தூக்கி ஆட்டினாள். பஸ் போய்விட்டது.

அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் புளுகு. ஒரு கை மட்டும் ஏன் நீளம் என்ற கேள்வி என்னை விடவில்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்திருக்கலாம். விசாரித்தால் பதில் கிடைத்துவிடும் என்று பயந்து கதை எழுதத் தொடங்கினேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். முதலாவது இது:

காரைக்கால்மேட்டுக் கரையில் அலைகள் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், சலோமி தொலைதூர அடிவானத்தை ஏக்கத்துடன்

(நிறுத்திவிட்டேன். காரைக்கால்மேட்டில் காலை நேரத்தில் மீன் ஏலம் நடக்கும். அங்கே நின்று அடிவானத்தைப் பார்த்தால் கூடையால் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.)

இரண்டாவது:

காரைக்காலுக்கும் பிரான்சுக்குமான உறவு இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 1739ஆம் ஆண்டு

(இது பள்ளிக்கூட ஆண்டுமலருக்கு ஆகும்.)

மூன்றாவது தேறியது. அதையே வைத்துக்கொள்கிறேன்: சலோமிக்கு பிரெஞ்சு தெரியும். மெர்சி சொல்லத்தான் தெரியாது.

3

சலோமி என்பது நான் வைத்த பெயர். பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவள். அப்பா மரியமுத்து பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அவர்களை சொல்தா என்போம். அதனால் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அம்மா செல்வம்மாள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். முன்பு இந்த ஊரில் வேலைபார்த்த பிரெஞ்சு கன்னிகாஸ்திரி ஒருவர் இப்போது பிரான்சில் மலைப்பக்கம் பிள்ளைகளுக்கான கோடை விடுதி ஒன்றை நடத்துகிறார். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் சமையலறையில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். சலோமி வந்தால் போக வர டிக்கெட் அவர்கள் பொறுப்பு. இதுதான் விஷயம்.

இருபது வயதில், தனியாக, விமானமேறி, உருளைக்கிழங்கு உரிப்பதற்கு! சலோமிக்குத் தரையில் கால் பாவவில்லை. செல்வம்மாளுக்கு மனசே இல்லை. ஆனாலும் சரி என்றாள். அவள் வாயால் அந்தச் சரியை வாங்க எத்தனை நாள் ஆயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களும் ஓர் அம்மாவிடம் எதையாவது கேட்டுப் பார்த்திருப்பீர்கள்.

"போனவங்கள்ல யாருடி திரும்பி வந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள். "லீவுக்கு வர்றாங்க. கோட்டுப் போட்டுக்கிட்டு வர்றாங்க. மறுபடி போயிடுறாங்க."

"நான் வந்து எம்.ஏ. சேரணும்மா. ரெண்டே மாசம்."

அப்படி லீவுக்கு வந்திருந்தவர்களில் ஒருவன் அற்புதராஜ். செல்வம்மாளின் அக்கா மகன், பிரான்சில் துலோன் என்ற ஊரில் பட்டாள முகாமில் வேலை. காரைக்கால் வெயிலில் கூலிங்கிளாஸும் மூடிய ஷூவுமாக வந்து உட்கார்ந்து, காபியை ஊதி ஊதிக் குடித்தபடி பாடம் எடுத்தான்.

"இலக்கணமெல்லாம் மூட்டைகட்டி வையி. பொன்ழூர்னா வணக்கம், சில்வுப்ளேன்னா தயவுசெஞ்சு, மெர்சின்னா நன்றி. இந்த மூணும் வாயில வரணும். முக்கியமா மெர்சி. தண்ணி குடுத்தா மெர்சி. கதவைத் தொறந்துவிட்டா மெர்சி. சும்மா தள்ளி நின்னாக்கூட மெர்சி. சொல்லலைன்னு வையி, வளர்ப்பு சரியில்லாத பொண்ணுன்னு நெனைச்சிடுவாங்க."

"தெரியும்ண்ணே, புத்தகத்துல படிச்சிருக்கேன்."

"படிச்சே. இப்ப சித்தி உனக்குக் காபி குடுத்துச்சே, சொன்னியா?"

சலோமி யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை. பிறந்ததிலிருந்தே சொன்னதில்லை.

(அற்புதராஜின் மேல் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. கூலிங்கிளாஸ், ஷூ என்று வெறும் கேலிப்படமாக வந்து நிற்கிறான். நிஜமான அற்புதராஜ்கள் அங்கே குளிரில் படுகிற பாட்டை யார் எழுதுவது? கதை முடிவதற்குள் இவனுக்கு ஒரு நல்ல காரியமாவது கொடுத்துவிடுவேன்.)

4

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் நன்றி என்ற சொல் இல்லாமல் இல்லை. கோயிலில் இருக்கிறது, ஆண்டவருக்குச் சொல்கிறோம். மேடையில் இருக்கிறது, நன்றியுரை என்றதும் சனங்கள் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். வீட்டுக்குள் மட்டும் அதற்கு வேலை இல்லை. அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய் விட்டால் "மெதுவாப் போ" என்போம். அத்தை பலகாரம் கொடுத்துவிட்டால், பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தராமல் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். வாயால் சொல்லித் தொலைத்துவிடுகிற விஷயமாக அதை யாரும் நினைக்கவில்லை.*

* சொல்லாமலே இருந்து சொல்லாமலே செத்துப்போகிறவர்களும் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். நம் வழக்கம்தான் உசத்தி என்று நான் வாதாடவில்லை.

ஆனால் சலோமி கெட்டிக்காரி. வாயைப் பழக்கினால் வந்துவிடும் என்று முடிவுகட்டி ஊர் முழுக்க மெர்சி சொல்ல ஆரம்பித்தாள். டவுன் பஸ் கண்டக்டருக்கு மெர்சி. அவர் சில்லறை பாக்கி கேட்கிறாள் போல என்று பையைத் துழாவினார். கருக்களாச்சேரியிலிருந்து கூடை சுமந்து வரும் அல்லி, வாங்கிய மீனுக்கு மேல் ஒரு கை நெத்திலியைக் கொசுறாக அள்ளிப்போட்டபோது அவளுக்கும் மெர்சி.

"மெர்சியா? அப்படியொரு மீனு நம்ம கடல்ல கெடையாதே தாயி!"

"இல்லக்கா, நன்றின்னு அர்த்தம்."

"ஒரு கை நெத்திலிக்கு எதுக்கு இம்மாம் பெரிய வார்த்தை? போ, போ, மீனு கெட்டுரும்."

பிறகு மெஹர் பானு வீடு. மெஹர் பானு கல்லூரியில் பக்கத்து பெஞ்சு. அவளுடைய வாப்பா நூர் அகமது கப்பலில் வேலைபார்த்தவர். அவர் கொண்டுபோய்க் கொண்டுவந்த தோல்பெட்டியைத் துடைத்து, உள்ளே அத்தர் பஞ்சு வைத்து, மெஹர் பானுவின் தாய் ஷரீபுன்னிசா சலோமியிடம் நீட்டினார். சலோமி அவரை மெஹர் பானு கூப்பிடுவதுபோல உம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"மெர்சி உம்மா. ரொம்ப நன்றி."

"அல்லாவுக்குச் சொல்லு புள்ள. எனக்கு எதுக்கு? மெஹர் பானு வேற, நீ வேறயா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சலோமிக்குச் சுருக்கென்றது. ஏதோ பிசகுகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தெரிந்திருந்தால் அடுத்த பகுதி வந்திருக்காது.

5

செல்வம்மாள் அந்த நாட்களில் கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். மரியமுத்துவின் பட்டாளத்துக் கோட்டு. மலைப்பக்கம் கோடையிலும் ராத்திரியில் குளிரும் என்று அற்புதராஜ் சொன்னதும், டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்துருண்டை வாசத்தோடு அதை எடுத்துப் பிரித்துப் போட்டுவிட்டாள். தோள்பட்டையைக் குறுக்கி, இடுப்பைப் பிடித்து, வலது கையை மகளின் அளவுக்குக் கொண்டுவந்தாயிற்று. பாக்கி இடது கை.

மதியம். மெஷினிலிருந்து எழுந்து வந்து மகளுக்குத் தட்டு வைத்தாள். சோறும் நெத்திலிக் குழம்பும். சலோமியின் வாய் பழகிவிட்டிருந்தது.

"மெர்சிம்மா."

செல்வம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எதுக்கு?"

"சோறு போட்டதுக்கு. மெர்சின்னா..."

"அர்த்தம் நான் கேக்கல. எதுக்குன்னு கேட்டேன். சோறு போட்டதுக்கா? இன்னைக்குப் போட்டதுக்கா, இருவது வருசமாப் போட்டதுக்குமா?"

"பழகிக்கிறதுக்காகச் சொன்னேம்மா..."

"விருந்தாளிதான்டி அதைச் சொல்லிட்டுக் கை கழுவிக்கிட்டுப் போவும். கணக்குத் தீர்த்துட்டுப் போறியா?"

அவளுடைய கண்களில் கண்ணீர் தளும்பி

(இல்லை. அழவில்லை. அவள் தையல்காரி, கண் கலங்கினால் ஊசியில் நூல் கோக்க முடியாது.)

கோட்டைச் சுருட்டினாள். ஒரு கை சின்னதும் ஒரு கை பெரியதுமாக அது டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. பெட்டியை மூடிவிட்டு, "நீ எங்கயும் போயிக் கிழிக்க வேணாம். சிஸ்டருக்கு எழுதிப் போட்டுடு" என்றாள்.

விமானத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

6

இந்த இடத்தில் நான் கதையைப் பல நாள் கிடப்பில் போட்டேன். ஒரு மெர்சிக்கு இத்தனை கோபமா? வாசகர் நம்புவாரா? செல்வம்மாள் ஏதோ ஒன்றை என்னிடமும் மறைக்கிறாள் என்று பட்டது. "அர்த்தம் நான் கேக்கல" என்றாளே, அந்த வார்த்தை அவளுக்கு முன்பே தெரியும்!

அவளிடம் கேட்டால் சொல்லமாட்டாள். அதனால் சலோமியை ஷரீபுன்னிசாவிடம் அனுப்பினேன். தோல்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனாள். மெஹர் பானு பெட்டியை வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடந்ததைக் கேட்ட ஷரீபுன்னிசா சலோமியை உட்காரவைத்தார்.

"ஒங்க அப்பாவும் எங்க வூட்டு மனுசரும் ஒருக்கா ஒரே பஸ்ஸுலதான் பொறப்பட்டாங்க. ஒனக்கு அப்ப நாலு வயசு. நானும் ஒங்கம்மாவும் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணா நிக்கிறோம். ஒங்கம்மா ஒரு பொட்டலம் முறுக்குக் குடுத்துச்சு. ஒங்க அப்பா அதை வாங்கிட்டு, பட்டாளத்துப் பழக்கம் பாரு, மெர்சின்னு சொல்லிட்டாரு. சொல்லிட்டு அவருக்கே சிரிப்பு. ஒங்கம்மாவுக்கும் சிரிப்பு. அதோட போனவருதான்."

மரியமுத்து ஆப்பிரிக்கக் கரையில் ஒரு முகாமில் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் வரவில்லை. டிரங்குப் பெட்டி வந்தது, உள்ளே அந்தக் கோட்டு.

(செத்துப்போன அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துவது எழுதுகிறவனுடைய கடைசிச் சீட்டு என்று எனக்கும் தெரியும். அவரை எடுத்துவிட்டு ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். கோட்டுக்குச் சொந்தக்காரன் இல்லாமல் போய்விட்டது. மன்னித்து அவரை இருக்கவிடுங்கள்.)

சலோமி தோல்பெட்டியை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "வாப்பா கிளம்புறப்ப என்ன சொன்னாங்க உம்மா?"

"அவரா?" ஷரீபுன்னிசாவுக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. "அவரு என்னைக்கு ஒழுங்காச் சொல்லிட்டுப் போனாரு? ஒவ்வொரு கப்பல் சபருக்கும் எதையாச்சும் பாதியில போட்டுட்டுத்தான் கெளம்புவாரு. ஒருதடவை கெணத்து ராட்டினத்தைக் கழட்டிப்போட்டுட்டுப் போயிட்டாரு. கேட்டா, வந்து மாட்டுறேன்ம்பாரு. எட்டு மாசம் கையால தண்ணி இழுத்தேன் நான்."

"வந்து மாட்டினாங்களா?"

"மாட்டாம? வந்து எறங்கின அன்னைக்கே, குளிக்கக்கூட இல்ல."

ஷரீபுன்னிசா இதை ஒரு பாடமாகச் சொல்லவில்லை. புருஷனைத் திட்டுவதற்குக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் விடவில்லை, அவ்வளவுதான். ஆனால் சலோமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மெர்சி சொல்லாமல், வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

7

இந்தப் பகுதியை மட்டும் நான் ஒரே மூச்சில் எழுதினேன். சலோமிக்கு நான் பட்ட கடன் இது. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தபோது அவளுக்குத் தெரிந்திருந்தது.

செல்வம்மாள் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ ரவிக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். சலோமி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கோட்டை உதறி, போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். வியர்வை கழுத்தில் வழிந்தது. மெஷின் நிற்கவில்லை.

"அம்மா, இடது கையைத் தைக்காத."

மெஷின் நின்றது.

"தைக்கப்போறேன்னு யாரு சொன்னா?"

"தைக்க வேணாம். இப்படியே போட்டுக்கிட்டுப் போறேன். வந்ததும் நீ பிடிச்சுக் குடு."

"ஒத்தக் கையைத் தொங்கவிட்டுக்கிட்டா? பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்க? தையக்காரி மவ போற லட்சணம்னு?"

"சிரிக்கட்டும்."

"அங்க இல்லாத டைலரா? நல்லா தைச்சுக் குடுப்பான்."

"குடுப்பான். அவனுக்கு மெர்சி சொல்லணும்ல?"

செல்வம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அந்தத் தொளதொளத்த கோட்டுக்குள் மரியமுத்துவின் மூக்கும் தன்னுடைய பிடிவாதமும் நிற்பதைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. (இப்போது வரலாம். இனி ஊசியில் நூல் கோக்கிற வேலை இல்லை.)

பிறகு மெஷின் டிராயரைத் திறந்து சாக்குக்கட்டியை எடுத்தாள். மகளின் இடது கையை இழுத்து நீட்டிப் பிடித்து, மணிக்கட்டு வரும் இடத்தில் துணியின்மேல் ஒரு கோடு போட்டாள்.

"இங்கதான் மடிக்கணும். அழிச்சிடாத."

"சரிம்மா."

"மழையில நனையாத. அழிஞ்சிரும்."

"சரி."

"சோறு ஆறுது. கழட்டிட்டு வா."

சலோமி சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

8

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று வந்தது. பஸ் கிளம்பும்போது செல்வம்மாளே மகளைப் பார்த்து "மெர்சி" என்று சொல்வதாக. எழுதிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு, மறுநாள் படித்தேன். கிழித்துப் போட்டேன். அவள் செத்தாலும் சொல்லமாட்டாள்.

முதல் முடிவில் சலோமி திரும்பி வரவில்லை. சிஸ்டர் அங்கேயே படிக்க ஏற்பாடு செய்கிறார், வருஷங்கள் ஓடுகின்றன, கோட்டில் சாக்குக்கட்டிக் கோடு மங்கிப்போகிறது. சோகமான முடிவு, பரிசு கிடைக்கும். இரண்டாவதில் சலோமி செப்டம்பரில் வந்து இறங்குகிறாள். செல்வம்மாள் அன்றைக்கே இடது கையைப் பிடித்துத் தைத்துவிடுகிறாள். கோட்டு பூரணமாகிவிடுகிறது. அதற்கப்புறம்? மறுபடி போவதற்கு எதை மிச்சம் வைப்பாள்?

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கண்டது ஒரு பஸ் நிலையம், ஒரு வெயில், கோட்டின் ஒரு கை. அது சுண்ணாம்பு அல்ல என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது. அந்தக் காட்சியில் இன்னும் ஒருவன் இருந்தான். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பஸ்ஸின் கூரைமேல் ஏறி, ஷூவெல்லாம் புழுதியாக, ஒரு பழைய தோல்பெட்டியைக் கயிறுபோட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் அற்புதராஜ். நான் வாக்குக் கொடுத்திருந்த நல்ல காரியத்தை, நான் கொடுப்பதற்கு முன்பே அவன் செய்துவிட்டான்.

அம்மாள் கடைசியாக என்ன சொன்னாள், அந்தப் பெண் ஏன் சிரித்தாள் என்பதை மட்டும் நான் எழுதவில்லை. என் காதில் விழாததை எழுதும் துணிச்சல் அந்த ஒரு இடத்தில் எனக்கு வரவில்லை. அந்தப் பெண் யாரோ, எங்கே இருக்கிறாளோ. தொங்கும் கையை அவள் ஆட்டிக் காட்டியிராவிட்டால் எனக்கு ஒரு செல்வம்மாள் கிடைத்திருக்கமாட்டாள். நினைத்துப் பார்க்கையில் மனசு நிறைந்துபோகிறது.

உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிழித்த தொடக்கங்களையும் அடைப்புக்குறிகளையும் பொறுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்களே, அதற்காக உங்களுக்கு என் மனமார்ந்த

(இல்லை. சொல்லமாட்டேன். நமக்குள் கணக்கு முடிந்துவிடும்.)

அதற்குப் பதிலாக ஓர் இடத்தில் கோடு மட்டும் போட்டு வைக்கிறேன். இங்கேதான் மடிக்க வேண்டும். அழித்துவிடாதீர்கள்.

செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், பாண்டிச்சேரி பஸ் காரைக்காலில் வந்து நின்றபோது, செல்வம்மாள் ஊசியில் நூலைக் கோத்து